கப்பல் விலாவில் ஒரு கோடு
(சாமுவேல் பிளிம்சால் வாழ்க்கை வரலாறு)



நம் வாஞ்சூர் துறைமுகத்துக்கு நிலக்கரி ஏற்றி வரும் கப்பலைக் கிட்டத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும். கப்பலின் நடு விலாவில் ஒரு வட்டம், அதன் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் ஏணிப்படி மாதிரி சின்னச் சின்னக் கோடுகள், அவற்றின் ஓரத்தில் இங்கிலீஷ் எழுத்துகள். கப்பல் கம்பெனியின் முத்திரை என்றுதான் முக்கால்வாசிப் பேர் நினைப்பார்கள். முத்திரை இல்லை. அந்தக் கோட்டுக்கு மேல் தண்ணீர் ஏறும்படி சரக்கு ஏற்றக் கூடாது என்பதற்கான அளவுகோல் அது. உலகம் முழுக்க மாலுமிகள் அதை பிளிம்சால் கோடு என்று சொல்கிறார்கள்.

பிளிம்சால் யார்? கப்பல் கட்டியவரா? இல்லை. கேப்டனா? இல்லை. எஞ்சினியரா? அதுவும் இல்லை. பீர் கம்பெனியில் கிளார்க்காக இருந்து, நிலக்கரி வியாபாரத்தில் இறங்கி, திவாலாகி, மறுபடி எழுந்தவர். கப்பல் பரிசோதகர்களின் வேலையையே மாற்றிப் போட்டவர் இப்படிப்பட்ட ஒரு ஆள் என்பதால்தான் இந்தக் கட்டுரையை எழுதத் தோன்றியது.

சாமுவேல் பிளிம்சால் 1824 பிப்ரவரி 10-ஆம் தேதி இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்தில் பிறந்தார். அப்பா கலால் துறையில் அரசாங்க உத்தியோகஸ்தர். ஒரு வகையில் அவரும் பரிசோதகர்தான். குடும்பம் வடக்கே பென்ரித் என்ற ஊருக்கும், பிறகு ஷெஃபீல்டுக்கும் குடிபெயர்ந்தது. சாமுவேல் சின்ன வயசிலேயே வக்கீல் ஆபீசில் எழுத்து வேலைக்குப் போய்விட்டார். பிறகு பீர் தயாரிக்கும் கம்பெனியில் கிளார்க்காகச் சேர்ந்து அங்கேயே மேனேஜர் ஆனார். அதோடு திருப்திப்பட்டிருந்தால் இன்றைக்கு அவர் பெயர் யாருக்கும் தெரிந்திருக்காது.

1853-ல் நிலக்கரி வியாபாரி ஆகணும் என்று லண்டனுக்குப் போனார். யார்க்‌ஷயர் சுரங்கத்து நிலக்கரியை ரயிலில் கொண்டு வந்து லண்டனில் விற்பது அவர் திட்டம். ரெண்டே வருஷத்தில், 1855-ல், கையில் இருந்ததெல்லாம் போய் திவால்! தங்க இடம் இல்லாமல், கூலிக்காரர்கள் படுக்கும் மலிவான விடுதியில் போய்ச் சேர்ந்தார். வாரத்துக்கு எட்டு ஷில்லிங்கூட நிறையாத காசில் காலம் தள்ளினார். (அன்றைக்கு இருபது ஷில்லிங் ஒரு பவுன்.) அதே விடுதியில் வேலை தேடி அலைந்தவர்களும், கையில் காசில்லாதவர்களும் அவரோடு படுத்திருந்தார்கள். அவர்கள் தங்களுக்குள் ஒருத்தருக்கொருத்தர் எப்படி உதவிக்கொண்டார்கள் என்பதைப் பிற்காலத்தில் அவர் தன் புத்தகத்திலேயே எழுதியிருக்கிறார். கஷ்டத்தை அனுபவித்தவர் பலர். மேலே வந்த பிறகும் அதை மறக்காதவர் சிலர்தான். இவர் இரண்டாவது வகை.

வியாபாரம் மறுபடி சூடு பிடித்தது. நிலக்கரியை உடையாமல் இறக்கும் முறையில் கவனம் செலுத்திப் பணம் சம்பாதித்தார். 1865-ல் டெர்பி தொகுதியில் நின்று தோற்றார். 1868-ல் அதே தொகுதியில் லிபரல் கட்சி சார்பில் ஜெயித்துப் பார்லிமெண்டுக்குப் போனார்.

கப்பல் விஷயம் அவருக்கு எப்படி வந்தது? இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கோடு பிளிம்சாலின் கண்டுபிடிப்பு இல்லை. கப்பல்களைத் தரம் பிரிக்கும் லாயிட்ஸ் நிறுவனம் 1830-களிலேயே, சரக்கு அறையின் ஆழத்தில் ஒவ்வொரு அடிக்கும் மூன்று அங்குலம் கப்பல் தண்ணீருக்கு மேல் நிற்க வேண்டும் என்று ஒரு கணக்கு வைத்திருந்தது. அது சிபாரிசுதான், சட்டம் கிடையாது. டைன் நதிக்கரையில் ஜேம்ஸ் ஹால் என்ற கப்பல் முதலாளியே, ஏற்றும் பாரத்துக்கு எல்லை வேணும், பழைய கப்பல்களைக் கட்டாயமாகப் பரிசோதிக்கணும் என்று பேசிக்கொண்டிருந்தார். பிளிம்சால் அவரிடமிருந்து அந்த யோசனையை எடுத்துக்கொண்டார். யோசனை ஹாலுடையது. உதை வாங்கியது பிளிம்சால். பெயரும் பிளிம்சாலுக்கே போய்விட்டது!

அந்தக் காலத்துக் கப்பல் நிலைமையைக் கொஞ்சம் விரிவாகச் சொன்னால்தான் அவர் கோபம் புரியும்.

கப்பலுக்கு எவ்வளவு பாரம் ஏற்றலாம் என்பதை முடிவு செய்தது கப்பல் முதலாளிதான். கூட ஏற்றினால் கூட லாபம். மூழ்கினால்? இன்ஷூரன்ஸ் இருக்கிறது. பழைய ஓட்டைக் கப்பலை அதன் மதிப்புக்கு மேல் இன்ஷூர் செய்வதும் நடந்தது. அப்படியானால் இன்ஷூரன்ஸ்காரன் ஏமாளியா என்று கேட்கலாம். அவன் தனி ஆள் இல்லை என்பதுதான் சூட்சுமம். ஒரு கப்பலின் இன்ஷூரன்ஸைப் பல பேர் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு போட்டு எழுதுவார்கள். கப்பல் போனால் ஒவ்வொருத்தருக்கும் நஷ்டம் சின்னத் தொகைதான். அதற்காக ஒரு பெரிய முதலாளி மேல் கேஸ் போட்டு, சாட்சிகளெல்லாம் கடலுக்கடியில் இருக்கும்போது, யார் நிரூபிப்பது? பேசாமல் பணத்தைக் கட்டிவிடுவார்கள். இப்படிப்பட்ட கப்பல்களுக்கு மக்கள் வைத்த பெயர் சவப்பெட்டிக் கப்பல்.

மாலுமி போகாமல் இருந்துவிடலாமே? முடியாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு, கப்பலைப் பார்த்துப் பயந்து ஏற மறுத்தால் ஜெயில்! அப்படி நூற்றுக்கணக்கான மாலுமிகள் சிறைக்குப் போயிருக்கிறார்கள். ஜெயிலா, கடலா என்று கேட்டால் மனுஷன் எதைச் சொல்வான்? வீட்டில் பிள்ளைகள் இருக்கே என்று கடலுக்கே போனவர்கள்தான் அதிகம்.

அதே காலத்தில்தான் நம் காரைக்கால் கரையிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் நம் சனங்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் என்று தீவு தீவாகக் கரும்புத் தோட்டங்களுக்கு. மார்த்தினிக்கில் முதல் தமிழ்க் கூலிகள் இறங்கியது 1853-ல், அதாவது பிளிம்சால் லண்டனுக்குப் போன அதே வருஷம். ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு மாதக்கணக்கில் பாய்மரக் கப்பலில் பயணம். அந்தக் கப்பல்களின் விலாவிலும் எந்தக் கோடும் கிடையாது.

இந்த இடத்தில் எங்கப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கப்பா ஃபைபர் போட்டில் மீன் பிடிக்கப் போகிறவர். பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் டிப்ளமோ வரைக்கும் வந்த முதல் ஆள் நான்தான். ஃப்ரீபோர்டு என்றால் தண்ணீர் மட்டத்துக்கும் தளத்துக்கும் உள்ள உயரம் என்று நான் புத்தகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, எங்கப்பா கையை விரித்துச் சாண் கணக்குக் காட்டினார். மீன் நிறைய பட்டால் போட் தாழும். விளிம்புக்கும் தண்ணிக்கும் நடுவே இத்தனை சாண் இருக்கணும், குறைஞ்சா மீனைத் திரும்பக் கடலில் கொட்டணும், அவ்வளவுதான்டா என்றார். கஷ்டப்பட்டுப் பிடித்ததைக் கொட்ட மனசு வருமா என்று கேட்டேன். போட்ல நாமதானே இருக்கோம் என்றார். யோசித்துப் பார்த்தால் பிளிம்சால் விஷயம் முழுக்க இதில் இருக்கிறது. போட்டில் இருக்கிறவனே பாரத்தை முடிவு செய்தால் சாண் கணக்குப் போதும். பாரத்தை முடிவு செய்கிறவன் கரையில் ஆபீசில் உட்கார்ந்திருக்கும்போதுதான் கோடும் வேணும், கோட்டைப் பார்க்க ஒரு ஆளும் வேணும்.

சரி, கதைக்கு வருவோம். 1873-ல் பிளிம்சால் நமது மாலுமிகள் என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு புத்தகம் போட்டார். வெறும் பேச்சு இல்லை, ஆவணங்களின் நகல், படங்கள், கணக்குகள் எல்லாம் சேர்த்து. நாடே கொந்தளித்தது. ஆனால் அவசரக்காரர் பாருங்கள், சில தகவல்களைச் சரியாக விசாரிக்காமலே எழுதிவிட்டார். கப்பல் முதலாளிகள் அவதூறு வழக்குப் போட்டார்கள். பார்லிமெண்டில் மன்னிப்பும் கேட்க வேண்டி வந்தது. விசாரிக்க ராயல் கமிஷன் அமைத்தார்கள். அந்தக் கமிஷன் 1874-ல் கொடுத்த அறிக்கை, சட்டம் போட்டு பார எல்லை வைப்பதை ஆதரிக்கவில்லை! நல்ல காரியத்துக்காக எழுதினாலும் புள்ளிவிவரம் சரியாக இருக்கணும், இல்லாவிட்டால் எதிராளி அதையே பிடித்துக்கொள்வான் என்பதற்கு அவரே உதாரணம். இருந்தாலும் 1874-ல் அவர் கொண்டு வந்த மசோதா மூன்றே ஓட்டில்தான் தோற்றது.

அடுத்து வந்தது 1875 ஜூலை 22. இந்த நாளைத்தான் பிளிம்சால் வாழ்க்கையின் முக்கியமான நாள் என்பேன். அப்போது பிரதமர் டிஸ்ரேலி. கப்பல் பாதுகாப்புக்கு அரசாங்கமே ஒரு அரைகுறை மசோதா வைத்திருந்தது. விவசாய நிலம் பற்றிய வேறொரு மசோதாவுக்கு நேரம் வேண்டும் என்று, கப்பல் மசோதாவை இந்த வருஷம் கைவிடுகிறோம் என டிஸ்ரேலி அறிவித்தார். குளிர்காலப் புயல் வரப்போகிறது. மசோதா தள்ளிப் போனால் அந்தக் குளிர்காலத்திலும் கப்பல்கள் போகும், ஆட்கள் சாவார்கள் என்பது பிளிம்சாலுக்குத் தெரியும். எழுந்தார். சபை நடுவில் வந்து நின்று கத்தினார். மூழ்கிய கப்பல்களின் பெயர்களைச் சொன்னார். அவற்றின் சொந்தக்காரர் அதே சபையில் உட்கார்ந்திருந்த எட்வர்ட் பேட்ஸ் என்ற உறுப்பினர். இந்தியாவோடு கப்பல் வியாபாரம் செய்த லிவர்பூல்காரர். மாலுமிகளைச் சாகடிக்கும் அயோக்கியர்கள் என்று பிளிம்சால் ஏசினார். சபாநாயகர் வார்த்தையை வாபஸ் வாங்கச் சொன்னார். மாட்டேன் என்றார். பிரதமர் முகத்துக்கு நேரே முஷ்டியை ஆட்டிவிட்டு வெளியே போனார். அவர் எழுதி வைத்திருந்த கண்டன அறிக்கையின் பிரதிகளை மனைவி எலிசா அதே நேரம் பத்திரிகைக்காரர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். கோபம் நிஜம்தான், ஆனால் தயாராகவும் வந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது!

ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்கள். ஜூலை 29-ல் வந்து, சபை மரியாதையை மீறியதற்கு வருத்தம் தெரிவித்தார். சொன்ன விஷயத்தை மட்டும் வாபஸ் வாங்கவில்லை. அதற்குள் ஊர் ஊராகக் கூட்டம் கூடி, மக்கள் அவர் பக்கம் நின்றுவிட்டார்கள். அரசாங்கம் அலறிப் புடைத்துக்கொண்டு ஆகஸ்ட் மாதமே ஒரு வருஷத்துக்குத் தற்காலிகச் சட்டம் போட்டது. போர்டு ஆஃப் டிரேடு என்ற வர்த்தக இலாகா நியமிக்கும் பரிசோதகர்கள் ஆபத்தான கப்பலைத் துறைமுகத்திலேயே நிறுத்தி வைக்கலாம். கப்பலின் மாலுமிகளில் கால்வாசிப் பேர் சேர்ந்து புகார் கொடுத்தால் கப்பலைச் சோதிக்கலாம். முன்பு புகார் சொன்னால் ஜெயில், இப்போது புகார் சொன்னால் பரிசோதகர் வருவார்!

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஒர்க்‌ஷாப்பில் நாம் கோ, நோ-கோ கேஜ் பயன்படுத்துகிறோம் அல்லவா? துளைக்குள் கோ பக்கம் போகணும், நோ-கோ பக்கம் போகக் கூடாது. அதில் இன்ஸ்ட்ரக்டரோடு விவாதத்துக்கே இடம் இல்லை. கேஜ் இல்லாமல் கண்ணால் பார்த்து இந்த ஜாப் சரியில்லை என்று சொன்னால் நாம் விடுவோமா? சண்டை போடுவோம். அன்றைய கப்பல் பரிசோதகர் நிலைமை அதுதான். இந்தக் கப்பல் கடலுக்கு லாயக்கில்லை என்பது அவருடைய அபிப்பிராயம். முதலாளி பத்து நிபுணர்களைக் கூட்டி வந்து லாயக்குதான் என்பார். காரணமில்லாமல் நிறுத்தினால் இலாகா நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும். அப்புறம் எந்தப் பரிசோதகர் துணிவார்? அவர் கையில் ஒரு நோ-கோ கேஜ் கொடுக்க வேண்டும் என்பதுதான் பிளிம்சால் கேட்டது.

எதிர்த்தவர்கள் எல்லோரும் கெட்டவர்கள் இல்லை. வர்த்தக இலாகாவின் செயலாளர் தாமஸ் ஃபேரர் ஒரு நியாயமான கேள்வி கேட்டார். அரசாங்கம் அளவு போட்டுக் கொடுத்துவிட்டால், கப்பல் மூழ்கும்போது முதலாளி, சர்க்கார் சொன்ன கோட்டுக்குள்தானே ஏற்றினேன் என்று கையை விரித்துவிட மாட்டானா? பொறுப்பு முதலாளியிடமிருந்து பரிசோதகர் தலைக்குப் போய்விடாதா? இந்தக் கேள்விக்கு இன்றுவரை முழுப் பதில் கிடையாது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1876-ல் நிரந்தரச் சட்டம் வந்தது. கப்பலில் கோடு கட்டாயம். ஆனால் வேடிக்கையைக் கேளுங்கள், அந்தக் கோட்டை எந்த உயரத்தில் போடுவது என்பதைக் கப்பல் முதலாளியே தீர்மானிக்கலாம்! ஜாப் செய்கிறவனே கேஜையும் செய்துகொள்கிற மாதிரி. ஒரு கேப்டன் கோட்டைப் புகைபோக்கியில் வரைந்து வைத்தார் என்று ஒரு கதை உண்டு. இந்த ஓட்டையை அடைக்க இன்னும் 14 வருஷம் ஆனது. 1890 சட்டத்தில்தான் கோட்டின் இடத்தை அரசாங்கம் நிர்ணயிக்கும் என்று வந்தது. அதன் பிறகுதான் அது உண்மையான பிளிம்சால் கோடு.

இப்போது அந்தக் குறிகளைப் படிக்கக் கற்றுக்கொள்வோமா? வட்டத்தின் விட்டம் 300 மில்லிமீட்டர். நடுவில் ஓடும் கோடு 450 மில்லிமீட்டர் நீளம், 25 மில்லிமீட்டர் தடிமன். வட்டத்தின் இரண்டு பக்கமும் உள்ள எழுத்துகள் கப்பலைத் தரம் பார்த்த நிறுவனத்தைக் குறிக்கும். ஐ, ஆர் என்று இருந்தால் 1975-ல் தொடங்கிய நம் இந்தியன் ரெஜிஸ்டர் ஆஃப் ஷிப்பிங். பக்கத்து ஏணியில் எஸ் என்பது கோடைக்கால எல்லை, வட்டத்தின் கோடும் அதுவும் ஒரே மட்டம். டி என்பது வெப்ப மண்டல எல்லை, கொஞ்சம் மேலே. டபிள்யூ என்பது குளிர்கால எல்லை, கீழே. கோடை அளவில் கப்பல் தண்ணீருக்குள் எத்தனை ஆழம் இறங்குமோ அதில் 48-ல் ஒரு பங்குதான் வித்தியாசம். 12 மீட்டர் இறங்கும் கப்பலுக்கு 250 மில்லிமீட்டர். கடல் சாந்தமாக இருக்கும் இடத்தில் ஒரு சாண் கூட ஏற்றிக்கோ, கொந்தளிக்கும் இடத்தில் ஒரு சாண் குறைத்துக்கோ என்று அர்த்தம். நம் வங்காள விரிகுடாவில் டிசம்பர் 1 முதல் ஏப்ரல் 30 வரை டி கோடு செல்லும். மே முதல் நவம்பர் வரை எஸ் கோடுதான். நம்மூர்ப் புயல் மாதங்களான அக்டோபரும் நவம்பரும் அதற்குள் வந்துவிடுகின்றன. எஃப் என்பது நன்னீர் எல்லை. கடல் நீரின் அடர்த்தி கன மீட்டருக்குச் சுமார் 1025 கிலோ, ஆற்று நீர் 1000. அதனால் ஆற்றுக்குள் நுழையும் கப்பல் தானாகவே கொஞ்சம் இறங்கும். ஆர்க்கிமிடிஸ் தத்துவம் ஃபர்ஸ்ட் இயரில் வெறும் இரண்டு மார்க் கேள்வி. இங்கே அது உயிர்!

பிளிம்சாலின் பிற்கால வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1880-ல் தன் சீட்டைக் கட்சித் தலைவர்களில் ஒருவரான ஹார்கோர்ட்டுக்கு விட்டுக் கொடுத்தார். உள்துறை மந்திரி ஆனவர் மாலுமிகளுக்குத் தன்னைவிட அதிகம் செய்வார் என்று நம்பினார். நம்பிக்கை பலிக்கவில்லை. 1882-ல் எலிசா இறந்தார். சில வருஷம் கழித்து மறுமணம் செய்துகொண்டார். 1887-ல் மாலுமிகள், கப்பல் நெருப்புத் தொழிலாளிகள் சங்கம் அவரைத் தலைவராக்கியது. 1890-ல் ஆடு மாடு ஏற்றும் கப்பல்களில் வாயில்லா ஜீவன்கள் படும் பாட்டை எழுதினார். 1898 ஜூன் 3-ல் ஃபோக்ஸ்டன் என்ற கடற்கரை ஊரில் 74 வயதில் காலமானார். 1929-ல் லண்டன் தேம்ஸ் நதிக்கரையில் அவருக்கு நினைவுச் சின்னம் வைத்தது மாலுமிகளின் தொழிற்சங்கம். ரப்பர் அடிப்பாகமும் துணியும் சேரும் இடத்தில் கோடு ஓடும் கேன்வாஸ் ஷூவுக்கும் இங்கிலாந்தில் அவர் பெயர்தான்.

அவர் போன பிறகும் கோடு மேலும் கீழும் நகர்ந்திருக்கிறது. 1906 சட்டம் பிரிட்டிஷ் துறைமுகத்துக்கு வரும் வெளிநாட்டுக் கப்பலுக்கும் கோட்டைக் கட்டாயமாக்கியது. அதே வருஷம் பிரிட்டிஷ் கப்பல்கள் முன்பைவிட அதிகம் ஏற்றிக்கொள்ளவும் கணக்கைத் தளர்த்தினார்கள். கேஜையே மாற்றினால் பரிசோதகர் என்ன செய்வார்? 1912-ல் டைட்டானிக்குக்கு நடந்ததும் இதேதான். படம் பார்த்திருப்பீர்கள். சுமார் 2200 பேர் இருந்த கப்பலில் 1178 பேருக்கு மட்டுமே படகு. பரிசோதகர் பார்த்துத்தான் அனுப்பினார். ஏனென்றால் அன்றைய விதி 10,000 டன்னுக்கு மேற்பட்ட எல்லாக் கப்பலையும் ஒரே மாதிரி வைத்திருந்தது, 46,000 டன் கப்பல் ஒன்று வரும் என்று விதி எழுதியவர்கள் நினைக்கவில்லை.

1930-ல் முதல் சர்வதேச ஒப்பந்தம், 1966-ல் அதைவிட விரிவான ஒப்பந்தம். இந்தியாவில் மெர்க்கன்டைல் மரைன் டிபார்ட்மென்ட் 1929-ல் ஏற்பட்டது. நம் பக்கத்துக்கு அதன் சென்னை ஆபீஸ். அங்கே உள்ள சர்வேயர்கள்தான் நாம் சொல்லும் கப்பல் பாதுகாப்புப் பரிசோதகர்கள். வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பலிலும் ஏறிச் சோதிக்க இவர்களுக்கு அதிகாரம் உண்டு. அதற்காக இந்து மகா சமுத்திர நாடுகள் 1998-ல் ஒரு உடன்பாடு செய்து, 1999 ஏப்ரல் முதல் நடைமுறைக்குக் கொண்டு வந்தன. சர்வேயர் முதலில் கரையில் நின்றே கோட்டையும், முன்னும் பின்னும் உள்ள ஆழ எண்களையும் பார்ப்பார். அப்புறம் மேலே ஏறி சரக்கு அறை மூடிகள், உயிர்காப்புப் படகு, தீயணைப்பு பம்பு, சர்டிபிகேட்டுகள். லோடு லைன் சர்டிபிகேட் ஐந்து வருஷத்துக்குச் செல்லும், ஆனால் வருஷா வருஷம் சோதனை உண்டு. பெரிய குறை இருந்தால் கப்பலை நிறுத்தி வைத்து ஆர்டர் போடுவார். எந்த நாட்டுக் கப்பலானாலும், உள்ளே எத்தனை கோடி ரூபாய்ச் சரக்கு இருந்தாலும், குறையைச் சரி செய்து சர்வேயர் மறுபடி வந்து பார்த்துக் கையெழுத்துப் போடும்வரை அது துறைமுகத்தை விட்டு நகர முடியாது.

— இரண்டாம் ஆண்டு, இயந்திரவியல் துறை